ஏசி சின்னதில்லை தம்பி, கூரைதான் அடுப்பு

பள்ளிப்பட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்:

“அண்ணே, வணக்கம். நகரி தாண்டி புத்தூர் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. பங்கனபள்ளியும் கிளிமூக்கும். மே மாதம் தொடங்கி காய் இறக்கி முடிகிறவரை தோப்பிலேயே தங்க வேண்டும். கொட்டகையில் பாம்பு வரும் என்று அம்மா பயந்ததால் பெங்களூரில் ஒரு பழைய கேம்பர் ட்ரெய்லரை வாங்கி வந்து நிறுத்தியிருக்கிறேன். 14 அடி நீளம், ஆறரை அடி அகலம். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ப்ளைவுட். பின்சுவரில் ஒரு டன் விண்டோ ஏசி. மழையும் குரங்கும் அண்டாமல் இருக்க ஏசியின் பின்பக்கத்தைத் தகரப் பெட்டி அடித்து மூடிவிட்டேன். கூரை மேல் நீலத் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறேன். அப்படியும் மதியம் உள்ளே 38 டிகிரிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. நாலு மணி வாக்கில் ஏசி டக்கென்று நின்று, அரை மணி கழித்துத்தான் மறுபடி ஓடுகிறது. ஏர் கூலரையும் உள்ளே வைத்துச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன், உடம்பு பிசுபிசுத்ததுதான் மிச்சம். கரண்ட் பம்பு ரூமிலிருந்து ஒயர் இழுத்தது, போய்விட்டால் 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர். அம்மாவுக்கு 68 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். ஒன்றரை டன் ஏசி மாற்றினால் சரியாகுமா அண்ணே?”

ஆகாது தம்பி. காசைப் பையிலேயே வையுங்கள். நான் பால் வண்டிக்கும் ஐஸ்கிரீம் வண்டிக்கும் குளிர் பாடி கட்டுகிறவன். திருத்தணி வெயிலில் தகரப் பெட்டிக்குள் குளிரைப் பிடித்து வைப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் என் கண்ணில் பட்டது ஏசி இல்லை, நீங்கள் ஆசை ஆசையாக அடித்த அந்தத் தகரப் பெட்டி.

விண்டோ ஏசி என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். வெளிக்காற்றைப் பக்கவாட்டில் இருக்கும் கீற்றுத் துளைகள் வழியாக இழுத்து, சூடேற்றி, பின்பக்கம் தள்ளும். அந்தப் பின்பக்கத்தை நீங்கள் மூடிவிட்டால், தான் கக்கிய சூட்டையே அது திரும்பக் குடிக்கும். வெளியே 42 டிகிரி என்றால் அந்தப் பெட்டிக்குள் 55 கூட இருக்கும். ‘ஒரு டன்’ என்று ஏசி மேல் எழுதியிருப்பது வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்த கணக்கு. நம் ஊர் கத்திரி வெயிலிலேயே அதற்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும், 55 என்றால் கேட்கவே வேண்டாம். நாலு மணிக்கு டக்கென்று நிற்கிறது என்றீர்களே, அது கம்ப்ரஸர் சூடு தாங்காமல் ஓவர்லோட் விழுகிற சத்தம். அரை மணியில் ஆறியதும் மறுபடி ஏறுகிறது. பழுது இல்லை, தற்காப்பு. ஆனால் இப்படித் தினமும் விழுந்து விழுந்து எழுந்தால் ஒரு சீசனில் கம்ப்ரஸர் போய்விடும்.

ஆகவே முதல் வேலை, அந்தப் பெட்டியைக் கழற்றுங்கள். இன்றைக்கே. குரங்குக்கு இரண்டு அங்குலக் கண் வைத்த வெல்டு மெஷ் போதும், மழைக்கு மேலே மட்டும் ஒன்றரை அடி நீட்டி ஒரு சாய்ப்பு போதும். பக்கவாட்டுத் துளைகள் சுவரின் கனத்துக்குள் புதைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். வீட்டு ஜன்னலுக்குச் செய்த ஏசியை ட்ரெய்லர் சுவரில் சொருகும்போது பாதிப் பேர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். துளை முழுக்க வெளியே தெரிய வேண்டும். கழற்றிய கையோடு பின்பக்கக் காயிலில் அடைந்த மாம்பூத் தூசியையும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழுவுங்கள். ஹோஸை வேகமாக அடித்தால் காயிலின் மெல்லிய தகடுகள் (ஃபின்கள்) மடங்கும், குவளையில் மேலிருந்து ஊற்றினால் போதும்.

அப்புறம் ஒரு சோதனை. ஏசி இருபது நிமிடம் ஓடிய பிறகு அது காற்றை இழுக்கிற இடத்தில் ஒரு தெர்மாமீட்டர், குளிர் வருகிற இடத்தில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி நலம், அதைத் தொடாதீர்கள். நாலைந்துதான் என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு கேஸ் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் ஏசியைக் குறை சொல்லக்கூடாது.

சரி, ஏசி நலம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் மதியம் திணறத்தான் செய்யும், ஏனென்றால் அதன் தலைக்கு மேலே அடுப்பு எரிகிறது. 14-க்கு ஆறரை என்றால் 91 சதுர அடி, ஏறக்குறைய எட்டரை சதுர மீட்டர் கூரை. உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் வரை விழும். அதாவது உங்கள் கூரை மேல் எட்டு கிலோவாட், எட்டு இண்டக்‌ஷன் அடுப்பை நடுத்தரத்தில் வைத்த மாதிரி. ஒரு டன் ஏசி வெளியே அள்ளிக் கொட்டக்கூடியது மூன்றரை கிலோவாட் சூடு. எட்டும் உள்ளே வருவதில்லை, பாதி திரும்பிப் போகும், மீதியில் பெரும்பங்கு காற்றில் போகும். ஆனால் பழைய ட்ரெய்லரில் கூரை, சுவர், ஜன்னல், சந்து என்று எல்லா வழியும் சேர்த்தால் மூன்று கிலோவாட் வந்துவிடும். கத்திரி வெயிலில் ஏசியின் மூன்றரையும் குறையும், ஆகவே என் கணக்குப்படி உங்கள் ஏசி தோற்பது ரொம்பக் கொஞ்சத்தில்தான். அந்தக் கொஞ்சத்தை ஒன்றரை டன் வாங்கி ஈடுகட்டினால் 2 கேவிஏ ஜெனரேட்டர் அதைக் கிளப்பாது, ராத்திரியில் சீக்கிரம் குளிர்ந்து சீக்கிரம் நின்று ஈரம் எடுக்காமல் விறைக்க வைக்கும், பின்சுவரில் இன்னும் பத்து கிலோ ஏறும். பின்னால் கனம் ஏற ஏறக் கொக்கியில் கனம் குறையும், அப்படி ஒரு ட்ரெய்லரைச் சீசன் முடிந்து ரோட்டில் இழுத்துப் போனால் பாம்பு மாதிரி வாலை ஆட்டும். பாம்புக்குப் பயந்துதானே வாங்கினீர்கள்.

தார்ப்பாய்க்கு வருகிறேன். போர்த்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சொல்லிலேயே தப்பு இருக்கிறது. நீலப் பிளாஸ்டிக் வெயிலைக் குடித்துக் கொதிக்கும், கொதித்ததைத் தொட்டுக்கொண்டிருக்கிற தகட்டுக்கு அப்படியே கொடுக்கும். நடுவில் காற்று போக வழியே இல்லை. காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்திய கதை. நிழல் என்பது கூரையைத் தொடக்கூடாது. ஒரு அடி, முடிந்தால் ஒன்றரை அடி உயரத்தில், நாலு பக்கமும் காற்று புகுந்து போகும்படி நிற்க வேண்டும்.

தோப்பு உங்களுடையது, சவுக்குக் கம்பு கிடைக்கும். எட்டுக் கம்பு நட்டு, ட்ரெய்லரைத் தொடாமல், மேலே நர்சரிக்காரர்கள் கட்டுகிற ஷேட் நெட் 75 அல்லது 90 சதவீதம் வாங்கிக் கட்டுங்கள். பச்சைதான் எல்லாக் கடையிலும் கிடைக்கும், வெள்ளி நிறம் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டு அடுக்காக நடுவில் அரை அடி விட்டுக் கட்டினால் கூரையைத் தொட்டுப் பார்க்கும்போதே வித்தியாசம் கைக்குத் தெரியும். தார்ப்பாயைவிட நெட்டை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் கோடைக் காற்று. மே மாதச் சாயங்காலம் திடீரென்று மண்ணை வாரி அடித்து வரும் பாருங்கள், அதில் தார்ப்பாய் பாய்மரப் பாயாகவே மாறிக் கம்போடு பறக்கும். நெட் காற்றை விட்டுவிடும்.

இன்னும் செலவு குறைய வேண்டுமா, மூன்று மாதம் நகரப்போவதில்லை என்றால் ட்ரெய்லர் மேலே ஒரு கொட்டகையே போட்டுவிடுங்கள். தென்னங்கீற்றோ, உங்கள் பக்கம் எளிதாகக் கிடைக்கிற கரும்புச் சோகையோ. நான் பஃப் பேனல், அதாவது சூடு தடுக்கிற நுரைப் பலகை, விற்கிறவன், சொல்லக்கூடாதுதான், ஆனால் கீற்றுக்கு இணையான நிழல் என் பட்டறையில் இல்லை. அடுப்பும் ஜெனரேட்டரும் அதன் பக்கத்தில் வரக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

மாமரத்தடியிலேயே நிறுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். நிறுத்தலாம், நிழலில் அதுதான் ராஜா. ஆனால் நேர்மரத்தடி வேண்டாம். காய் விழுந்தால் மேலே இருக்கிற அக்ரிலிக் மூடி விரிசல் விடும், காற்றில் கிளை முறியும், மாம்பால் பட்ட பெயிண்ட் கறுத்துப் போகும். இதையெல்லாம் சகித்தாலும் முசுறு எறும்பு இருக்கிறதே, அது ஒரு கிளை ட்ரெய்லரைத் தொட்டால் போதும், அடுத்த நாள் உங்கள் படுக்கையில் இருக்கும். மரத்துக்குக் கிழக்கே, மதிய நிழலின் ஓரத்தில் நிறுத்துங்கள். கிளைக்கும் கூரைக்கும் நாலடி இருக்கட்டும்.

திசை பற்றி ஒரு விஷயம். வெயில் தெற்கிலிருந்து வரும் என்று நினைத்து நிழல் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் பக்கம் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது, அப்புறம் ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சிப்பொழுதில் அது கொஞ்சம் வடக்கேதான் நிற்கிறது. மே மாதம் பன்னிரண்டு பத்து வாக்கில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், குட்டியாக ஒரு நிழல் தெற்கே விழும். மறைவதும் நேர்மேற்கில் இல்லை, மேற்குக்கு வடக்கே தள்ளி. ஆகவே ட்ரெய்லரின் நீளத்தைக் கிழக்கு மேற்காக நிறுத்துங்கள், குட்டைச் சுவர்தான் மாலை வெயிலை வாங்க வேண்டும். உங்கள் ஏசி பின்சுவரில் இருப்பதால் பின்பக்கம் கிழக்கே பார்க்கட்டும். மாலை நாலு மணிக்கு ஏசியின் முதுகில் வெயில் படக்கூடாது. ஷேட் நெட்டை மேற்கிலும் வடமேற்கிலும் நாலடி கூடுதலாக இறக்கிவிடுங்கள். சிமெண்ட் களத்தில் நிறுத்தியிருந்தால் மண்ணுக்கு மாற்றுங்கள், களம் ராத்திரி பத்து மணி வரை கீழிருந்து சூடு விடும்.

இனி ட்ரெய்லருக்குள். மதியம் இரண்டு மணிக்கு ஏசியை நிறுத்திவிட்டு உள்ளே போய், புறங்கையால் கூரையின் உள்பக்கத்தை முன்னிருந்து பின்வரை மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். உள்ளங்கை வேண்டாம், புறங்கைதான் சூட்டைச் சரியாகச் சொல்லும். ஒன்றேகால் அடி, ஒன்றரை அடிக்கு ஒரு தடவை சப்பாத்திக்கல்லின் ஓரத்தைத் தொட்ட மாதிரி சுளீரென்று ஒரு கோடு வரும். அதுதான் ப்ளைவுட்டுக்கு மேலே இருக்கிற இரும்பு ரிப், கூரைச் சட்டம். போன வருஷம் என் பட்டறைக்கு வந்த ஓர் ஐஸ்கிரீம் வண்டியில் இப்படித்தான். வேறு ஓர் ஊரில் கட்டிய பாடி, நல்ல கனமாகத்தான் பஃப் அடைத்திருந்தார்கள், ஆனால் வெளித்தகட்டையும் உள்தகட்டையும் ஒரே இரும்புச் சட்டத்தில் ரிவிட் அடித்துவிட்டார்கள். டிரைவர் பாவம், டெம்பரேச்சர் ஏறாமல் இருக்க மெஷினை நிறுத்தாமல் ஓட்டி டீசலைக் கொளுத்தியிருக்கிறார். கோடு கோடாக சாக்பீஸில் வரைந்து காட்டினேன், பதினோரு கோடு. சூடு சுற்றி வராது, குறுக்கே இரும்பு கிடைத்தால் அதில் ஏறி நேரே வரும்.

உங்கள் ட்ரெய்லருக்கு ஐஸ்கிரீம் வண்டி மாதிரி நாலு அங்குலம் வேண்டாம். உள்கூரையில், இருக்கிற ப்ளைவுட்டுக்குக் கீழே, ரிப்களையும் சேர்த்து மறைக்கும்படி ஒரு அங்குல பஃப் போர்டு ஒட்டி அதன் மேல் மெல்லிய ப்ளைவுட் அடித்தால் போதும். தலை ஓர் அங்குலம் இடிக்கும், பரவாயில்லை. பஃப் கிடைக்காவிட்டால் தெர்மாகோல் ஒன்றரை அங்குலம், கெட்டி ரகமாகப் பாருங்கள், ஏறக்குறைய அதே பலன். ஆனால் தச்சர்கள் சன்மைக்காவுக்குப் போடுகிற மஞ்சள் ரப்பர் பசையைத் தெர்மாகோலில் தடவிவிடாதீர்கள், சர்க்கரை மாதிரி கரைந்து குழி விழும். தண்ணீர் கலந்த பசையாக வாங்குங்கள். எதுவானாலும் திறந்தபடி விடக்கூடாது, தீப்பிடித்தால் அதன் புகை ஆளைக் கொல்லும், மேலே ப்ளைவுட் கட்டாயம்.

பளபளக்கும் பபிள் ஷீட்டை ஒட்டினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு முன்னால் முக்கால் அங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது சூட்டைத் திருப்பும். தகட்டோடு ஒட்டிவிட்டால் அது வெறும் அலங்காரம்.

கூரைக்கு வெள்ளை அடிக்கலாமா என்றால், கட்டாயம். ஆனால் மொட்டைமாடிக்கு அடிக்கிற சுண்ணாம்பை இங்கே அடிக்காதீர்கள், சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். எட்ச் பிரைமர் ஒரு கோட் அடித்துக் காய்ந்த பிறகு, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்ட் இரண்டு கோட். வெள்ளிப் பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அது வெயிலைக் கொஞ்சம் திருப்பும், வாங்கிய சூட்டை வெளியே விடாது. ஒரே வெயிலில் வெள்ளைத் தகட்டையும் வெள்ளிப் பெயிண்ட் அடித்த தகட்டையும் அரை மணி நேரம் வைத்துத் தொட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தூசியைக் கழுவிவிடுங்கள், அழுக்கு வெள்ளை வெள்ளை இல்லை.

ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டிருப்பீர்கள். திரைக்கு வருவதற்குள் வெயில் வீட்டுக்குள் வந்துவிட்டது தம்பி. மறைப்பு வெளியே வேண்டும். வெள்ளைத் துணியோ ஓலைத்தட்டியோ, ஜன்னலிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கட்டும். கூரையில் இருக்கிற ஒன்றரைக்கு ஒன்றரை அடி மூடிக்கு மேலேயும் இதே மாதிரி. அந்த ஒரு சதுரம் மட்டும் நடுப்பகலில் நூற்றைம்பது வாட் ஹீட்டர் மாதிரி, வெளிச்சம் வருகிறது என்று விட்டுவைத்திருப்பீர்கள். சந்துகளைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். ஏசியை நிறுத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் போட்டு, கதவு பீடிங், ஏசியைச் சுற்றிய இடைவெளி, சிங்க் குழாய் இறங்குகிற ஓட்டை என்று ஒவ்வொரு இடமாகக் காட்டுங்கள். புகை உள்பக்கமாக ஓடுகிற இடத்தில் சிலிகான் அல்லது புது பீடிங்.

கூலர் விஷயம். ஏசியையும் கூலரையும் அடைத்த அறையில் சேர்த்து ஓட்டுவது, ஒருவன் தரையைத் துடைக்க இன்னொருவன் தண்ணீர் ஊற்றுகிற கதை. கூலர் சூட்டை எங்கும் கொண்டுபோவதில்லை, ஈரமாக உருமாற்றுகிறது. அந்த ஈரத்தை மறுபடி தண்ணீராக்கி வெளியே சொட்ட வைக்கிற வேலை ஏசி தலையில் விழுகிறது. உங்கள் பிசுபிசுப்பு அதுதான். ஆனால் கூலரைத் தூக்கிப் போட வேண்டாம், அதைத் தனியாக, சரியான நேரத்தில் ஓட்டினால் உங்கள் அம்மாவுக்கு மதியத்தில் ஏசியைவிட அதுதான் துணை. மேற்குக்காற்று வறட்டு வறட்டென்று வீசுகிற நாளில், வெளியே 42 டிகிரியும் ஈரப்பதம் 25 சதவீதமும் இருந்தால், கூலரிலிருந்து 30 டிகிரிக் காற்று வரும். கூலரை ஜன்னலுக்கு வெளியே நிழலில் வைத்து, உள்ளே ஊதவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஊதிய காற்று வெளியே போயே ஆக வேண்டும், அடைத்தால் ஆவிக்குளியல். சாயங்காலம் கடல்காற்று ஏறி ஈரம் வந்த பிறகு, ராத்திரி 32 டிகிரியும் 70 சதவீத ஈரமும் என்றால் அதே கூலர் 28 டிகிரியில் ஈரத்தைத்தான் ஊதும், புழுங்கும். அப்போது கூலரை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, ஏசி.

எந்த நாள் எந்த மாதிரி என்று தெரிந்துகொள்ள மீட்டர் தேவையில்லை. தெர்மாமீட்டரின் நுனியில் ஈரமான வேட்டித்துணியைச் சுற்றி ஃபேன் முன்னால் ஐந்து நிமிடம் பிடியுங்கள். துணி சுற்றாத தெர்மாமீட்டரைவிட 10 டிகிரிக்கு மேல் இறங்கினால் கூலர் நாள். ஐந்துக்குள் என்றால் ஏசி நாள்.

இதே தண்ணீர்க் கணக்கைக் கூரையிலும் பயன்படுத்தலாம். ஒரு குடம், 12 லிட்டர் என்று வையுங்கள், முழுதும் ஆவியானால் எட்டு யூனிட் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஏசி அந்த வேலையைச் செய்ய இரண்டரை யூனிட் கரண்ட் தின்னும். சாக்கை நேராகக் கூரை மேல் விரிக்காதீர்கள், ரிவிட் ஓட்டைகளில் தண்ணீர் இறங்கி ப்ளைவுட் ஊறிவிடும், போர்வெல் உப்பும் படியும். கீற்று மேலேயோ நெட் மேலேயோ பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் தெளித்தால் போதும். சொட்டுநீர்க் குழாய் ஒன்று திருப்பிவிட முடியுமென்றால் இன்னும் சுலபம்.

ராத்திரிக்கு ஒன்று சொல்கிறேன். பொழுது சாய்ந்ததும் வெளியே குளிரத் தொடங்கும், மூடியே வைத்த ட்ரெய்லர் மட்டும் மதியச் சூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் திறந்து, நிழல்பக்கக் கீழ் ஜன்னலையும் கூரை மூடியையும் சேர்த்துத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி ஓட்டுங்கள். அதற்கப்புறம் அடைத்து ஏசி போட்டால் பத்து நிமிடத்தில் குளிரும். சமையல் வெளியே, ஃபிரிட்ஜ் முடிந்தால் வெளியே சாய்ப்பில். எல்லாம் சொல்லிவிட்டு ஒன்று, பத்து மணிக்கு மேல் நார்க்கட்டிலும் கொசுவலையும் நெட் நிழலுக்குக் கீழே இருந்தால் நான் ட்ரெய்லருக்குள் போகவே மாட்டேன். அம்மாவுக்குப் பாம்பு பயம் என்றால் அவர் உள்ளே, நீங்கள் வெளியே.

கரண்டைப் பற்றிப் பேசாமல் விட மனம் வரவில்லை. பம்பு ரூம் இணைப்பு விவசாயத்துக்குக் கொடுத்தது, அதில் ஏசி ஓட்டுவது முறையில்லை, மாட்டினால் அபராதம். தனி சர்வீஸ் கேளுங்கள். ஒயர் எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. எவ்வளவானாலும் 2.5 சதுர மில்லி காப்பருக்குக் குறையக்கூடாது, தூரம் அதிகமென்றால் 4. டிரம்மில் சுற்றியபடியே ஓட்டக்கூடாது, முழுதும் பிரித்துவிட வேண்டும், சுருண்ட ஒயர் உருகும். எல்லாவற்றையும்விட முக்கியம், ட்ரெய்லர் உடம்பு முழுக்க உலோகம், நிற்பது ரப்பர் டயரில். உள்ளே ஒரு லீக்கேஜ் வந்தால் வண்டி சும்மா இருக்கும், நீங்கள் வெறுங்காலோடு மண்ணில் நின்று கதவைத் தொடும்போது உங்கள் வழியாக இறங்கும். தனியாக எர்த் ராடு அடித்து சேஸிஸோடு இணையுங்கள், மே மாதம் அந்த இடத்தில் தினம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், லீக்கேஜ் வந்தால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடுங்கள். இது ஏசிக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

ஜெனரேட்டர் ட்ரெய்லரிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, காற்று போகிற பக்கம். ஜன்னல் கீழே வைத்துவிட்டு ஏசி போட்டுத் தூங்கினால் அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, உங்களுக்கு முழிப்பும் வராது. ஜெனரேட்டர் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருந்தால் ஏசி ஒரு மணி நேரம்கூட ஓடாது, ஆனால் கூலர் ஐந்தாறு மணி நேரம் ஓடும். மதியம் கரண்ட் போனால் உங்களுக்கு வேண்டியது அதுதான்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஏசி போட்டு அடைத்த ட்ரெய்லரில் அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், உள்சூடு சீக்கிரமே வெளிச்சூட்டைத் தாண்டும். மதியத்தில் அவரைத் தனியாக உள்ளே விட்டுவிட்டுக் காய் பறிக்கப் போகாதீர்கள். உள்ளே 38 காட்டினால் விவாதமே இல்லை, மரத்தடிக்கு வந்துவிட வேண்டும். வெறும் ஃபேன் 40 டிகிரியில் சூட்டைத்தான் அடிக்கும், கழுத்திலும் கையிலும் ஈரத்துண்டு போட்டு ஃபேன் போட்டால் உதவும். பிபி மாத்திரையில் சில ரகம் உடம்புத் தண்ணீரை வெளியேற்றும், அவருடையது அந்த ரகமா, வெயில் காலத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று தோப்புக்குப் போவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், நான் சொல்கிற விஷயம் இல்லை அது. பேச்சு குழறினால், தடுமாறினால், உடம்பு கொதித்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108. தமிழ்நாடு, ஆந்திரா எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆம்புலன்ஸுக்கு அதே எண்தான்.

செலவுக்குக் கணக்குப் போட்டால் முதலில் பெட்டியைக் கழற்றுவது, அது இலவசம். எர்த்தும் ஆர்சிசிபியும் அதே வாரம். அப்புறம் சவுக்குக் கம்பும் நெட்டும், வெளி ஜன்னல் தட்டி, ஊதுபத்தி, சிலிகான். இவ்வளவில் நின்று பாருங்கள். உள்கூரை பஃப் போர்டும் பெயிண்டும் அடுத்த வருஷத்துக்குக்கூடத் தள்ளலாம். பெட்டியைக் கழற்றி, நெட் கட்டி, மூன்று நாள் மதியம் மூன்று மணிக்கு வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு, ஏசி இழுக்கிற இடத்தில் எவ்வளவு, ஊதுகிற இடத்தில் எவ்வளவு என்று நாலு எண்ணையும் ஒரு தாளில் குறித்து அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு ஒன்றரை டன் பேச்சை எடுக்கலாம். கிளிமூக்கு இறங்கினால் அந்தத் தாளோடு ஒரு பை வந்தாலும் வாங்கிக்கொள்வேன்.